இழு

மாசிலாமணியின் கிளினிக் புத்தகத்தில்
என் கையெழுத்து நான்கு பக்கம் ஏறியிருக்கிறது.
பெப்ரவரியில் ஒரு மருந்து.
மே மாதம், படியேற மூச்சு வாங்குகிறது என்றார்;
இரண்டாக்கினேன்.
ஓகஸ்டுக்குள் இரண்டு தரம் வார்ட்டில் படுத்தார்.
இரத்தம் எடுத்து
வெள்ளணுக்களில் ஒரு வகையை எண்ணிப் பார்த்து
மூன்றாவதையும் சேர்த்தேன்.
எல்லாம் முறைப்படி.

மருதானையில் மழை. மின்விசிறிக்குக் கீழே
நூற்றுப் பத்துப் பேர், நூற்றுப் பத்து இருமல்,
ஒரு கதவு, நான்.
ஆளுக்கு நான்கு நிமிடம் என்பது
நான் மணிக்கூடு பார்க்காத நாட்களில்.

இன்றைக்கு மருந்தகத்தில் அந்தக் குழல் முடிந்துவிட்டது.
வெளியே வாங்க வேண்டும்; விலை சொல்லக் கூச்சம்.
அதனால்தான் கேட்டேன், வேறெதற்காகவும் அல்ல:
"பழைய குழல் வேலை செய்யுதா? காட்டுங்கோ பார்ப்பம்."

"அதுவா, பேரன் விசில் அடிக்கிறான் டொக்டர்."
"அப்ப மருந்து?"
சட்டைப் பையிலிருந்து ஒரு குளிசை எடுத்தார்,
பாதி கண்ணாடி, பாதி தோடம்பழ நிறம்.
நாக்கில் வைத்தார்.
மேசையில் ஆறிக்கொண்டிருந்த என் பிளேன்டியைக்
கண்ணால் கேட்டார்.

ஏழு மாதம்.
காலையும் மாலையும்.
"வயித்துக்கு ஒரு குறையும் இல்ல" என்றார்,
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

மிஸ் தம்மிகா சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.
முதல் நாள் விளக்கியது அவள், சிங்களத்தில்.
தலையாட்டியது அவர், தமிழில்.
கையெழுத்து வைத்தது நான்.

லாச்சியைத் திறந்து
காட்டுவதற்கென்று வைத்திருக்கும் குழலை எடுத்தேன்.
குளிசையை இதுக்குள்ள போடுங்கோ. குத்துங்கோ.
நெஞ்சைக் காலியாக்குங்கோ.
இனி இழுங்கோ.

இழு.
ஐந்தாம் குறுக்குத் தெருவில் முப்பத்தொரு வருடம்
எல்லாரும் அவருக்குச் சொன்ன ஒரே சொல்.
செத்தல் மூடை பன்னிரண்டு ஏற்றிய கைவண்டியை
லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவால் இழு.
பாரம் இறக்கிய பிறகு ஒரு பீடி இழு.
இரவில் நெஞ்சு தன்பாட்டில் இழுத்தது;
அதற்கும் வீட்டில் இழுப்பு என்றே பேர்.

கன்னம் குழிய இழுத்தார்.
குளிசை உள்ளே சுழன்று கிர்ரென்று பாட வேண்டும்.
ஒரு தரம் புரண்டது. நின்றது.
மாவு அப்படியே கிடந்தது.

வண்டி இழுத்தவரிடம் எப்படிச் சொல்வது,
உங்கட இழுவை போதாது என்று?

அவரே கேட்டார்:
"மேடு ஏறலியா?"

நான்கு பக்கத்தையும் குறுக்கே வெட்டினேன்.
பெப்ரவரிக்கு இறங்கி வந்து
அமத்தினால் சீறும் பம்ப் ஒன்றை எழுதினேன்.
தம்மிகா ஒரு தண்ணீர்ப் போத்தலின் அடியில்
கத்தரிக்கோலால் துளை போட்டுப் பம்பைச் செருகினாள்.
ஒரு சீறல்.
மருந்து போத்தலுக்குள் புகாராக நின்றது,
அவசரமில்லாமல்.

"இதை இழுக்க வேண்டாம். வாயை வைச்சு
சும்மா மூச்செடுங்கோ. மெதுவா. ஐஞ்சு தரம்."

"சும்மாவா?"
"சும்மா."

முதல் தரம் தோளைத் தூக்கினார்
வண்டிப் பிடிக்குக் கொடுப்பதுபோல.
இரண்டாவதும் அப்படியே.
நான்காவதில் தோள் இறங்கியது.
ஐந்தாவதை நான் எண்ண மறந்துவிட்டேன்.

நாற்பத்தேழாம் நம்பர் உள்ளே வந்து
நாற்காலியில் சரியாக உட்காரவுமில்லை.
"காட்டுங்கோ" என்றேன்.

அந்த அம்மா நாக்கை நீட்டினார்.