தானாக வந்தவை

காவேரிப்பட்டணம் கூழ் ஆலையின் எடைமேடை அறை.
ஆடி பிறந்து பதினோரு நாள்.
கடைசி லோடு பெங்களூரா அரைத்தாயிற்று,
கொட்டை நாற்றம் மட்டும் போகவில்லை.

வட்டில் இடமில்லை என்கிறது லினக்ஸ்.
தொண்ணூற்றொன்பது சதவீதம்.
ரசீது பாதியில் நிற்க
பீப்பாய் ஏற்ற வந்த திம்மராயன் கதவில் சாய்ந்து
"என்னக்கா, அதுக்கும் சீசன் முடிஞ்சிடுச்சா?" என்கிறார்.

நான் ஒன்றைத்தான் நீக்கச் சொன்னேன்.
போன வருடம் யாரோ ஏற்றிய சீட்டாட்டம்.
கறுப்புத் திரை கேட்கிறது:
இதோடு வந்த எண்பத்திரண்டு பொதிகள்
இனி யாருக்கும் தேவையில்லை.
அனுப்பிவிடலாமா?

பெயர்களைப் படிக்கிறேன்.
எதையும் நான் கூப்பிட்டதில்லை.
ஒன்று வர இன்னொன்று வேண்டுமென்றது,
அதற்குத் துணையாய் மூன்று.
அப்படி வந்து மூலையில் உட்கார்ந்து
கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டு
இருந்திருக்கின்றன.

மேஸ்திரி மாதப்பன் சித்திரையில்
வேனிலிருந்து இறக்கிய நாற்பது பேரில்
பதிவேட்டில் பெயர் அவனுக்கு மட்டும்.
மற்றவர்கள் "மா. ஆட்கள்".
கூலித் தகராறில் அவன் போன வெள்ளிக்கிழமை
அந்த வரியையும் அழித்தேன்.
நான்தான். ஒரே அழுத்து.

பட்டியலில் முப்பதாவதோ என்னவோ
தமிழ் எழுத்துரு.
சீட்டாட்டத்துக்கும் அதற்கும் என்ன உறவோ.
அது போனால்
நாளைய ரசீதில் ஊர்ப்பெயர்
சதுரம் சதுரமாக விழும்.

இல்லை என்று அடித்தேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கிறேன்.
தானாக வந்ததை
நானே வைத்தது என்று குறித்துக்கொள்ளலாம்.
குறித்தபின் யார் போனாலும் அது போகாது.
எழுத்துருவைக் குறித்தேன்.
அச்சுப்பொறிக்கு வேண்டிய ஒன்றை.
பெயர் பிடித்திருந்ததால் ஒன்றை.

இவர் இங்கே லாரி ஓட்டியபோது
டோக்கன் கிழிக்கக் கூட வந்தவள் நான்.
அவர் போய் ஆறு வருடம்.
என்னை யார் குறித்தார்கள்
என்று கேட்டதில்லை.

மீதி எழுபத்தொன்பதுக்கும் ஆம்.
வரிவரியாய் ஓடி
டீ ஆறுவதற்குள் முடிந்தது.
தொண்ணூற்றொன்று.
போனவற்றின் அமைப்புக் கோப்புகள் இருக்கும்,
அவற்றை எடுக்க வேறு கட்டளை.
போடவில்லை. சின்னவைதானே.

ரசீது வந்தது. தமிழில்தான் வந்தது.
திம்மராயன் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

விளக்கணைக்கப் போனால்
கொட்டகை ஆணியில் ஒரு துணிப்பை,
பச்சைச் சீப்பு செருகியது.
யாருடையதென்று தெரியவில்லை.
இறக்கித் தூசி தட்டினேன்.
திரும்ப
அதே ஆணியில் மாட்டினேன்.