இரண்டாவது டாங்க்

எழுபத்தெட்டாம் வருஷத்து ஃபோர்டு பிக்கப்.
எட்டு சிலிண்டர்,
முந்நூற்று ஐம்பத்தொரு கன அங்குலம்.
பெட்ரோல் டாங்க் இரண்டு; ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற
ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச்.

"நன்றாகக் குடிக்கும்," என்றாள் லோர்னா ட்வெட்.
"சொல்லவில்லை என்று பிறகு வராதே."
மான்டானாவின் காற்று பிடுங்கிக்கொள்ளாமல்
பத்திரத்தை பானெட் மேல் முழங்கையால் அழுத்தி
கையெழுத்துப் போட்டாள்.

டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு நோட்டு.
அவள் கணவன் ஆர்வினின் பென்சில் கணக்கு:
தேதி, காலன், மைல், வகுத்து வந்த விடை.
கன்றுகள் ஏற்றிய அக்டோபர், ஒன்பது.
நாலு சக்கரமும் பனியில் உழன்ற ஜனவரி, ஏழரை.
கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்த மறுநாள்
பதினொன்று. அதன் கீழே
இரண்டு கோடு, பரிசு வாங்கியவன் போல.

கடைசிப் பக்கங்களில் எழுத்து வேறு கையுடையது.
பில்லிங்ஸ் ஆஸ்பத்திரி, திரும்ப வீடு.
பில்லிங்ஸ், திரும்ப வீடு.
செவ்வாய்தோறும், பதினான்கு வாரம்.
பின்னால் பாரமில்லை, நேர் சாலை,
பக்கத்தில் இருப்பவருக்கு அதிராமல் ஒரே வேகம்:
பதினாறு.
பதினாறு புள்ளி இரண்டு.
இந்த வண்டி தன் ஆயுளில் கொடுத்த
மிக நல்ல மைலேஜ்.

கடைசி வரியில் காலன் மட்டும்.
வகுக்கவில்லை.

இன்று சர்க்கிள் ஊர் தாண்டியதும் எஞ்சின் இருமியது.
சுவிட்சைத் தள்ளினேன்.
படுத்துக் கிடந்த முள் மெல்ல எழுந்து
முழுதும் போய் நின்றது.

இதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
விலையிலும் சேர்க்கவில்லை.