ஆறு அங்குலம்

சுவர் முழுக்கக் காந்தப் பட்டைகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு பையன்:
பெயர், எடை, நாற்பது கஜ ஓட்டம்,
முழங்காலைப் பற்றி மருத்துவர் வைத்த
பச்சைப் புள்ளி அல்லது சிவப்புப் புள்ளி.

பக்கத்தில் 'தேவை' என்று இன்னொரு பலகை.
அதன் முதல் வரியை மூன்று வருஷமாக யாரும் அழிக்கவில்லை:
இடது டாக்கிள்.
பந்தெறிபவனின் கண்ணுக்கு எட்டாத பக்கத்தில்
சுவராய் நிற்க ஓர் ஆள்.
போன பருவத்தில் எங்கள் ஒல்ஷெஃப்ஸ்கி
ஐம்பத்தெட்டு முறை மல்லாந்து வானம் பார்த்தான்.
ஒவ்வொரு முறையும் எழுந்து
ஹெல்மெட் கம்பியில் சிக்கிய புல்லை
விரலால் எடுத்துப் போட்டான்.
அந்தப் புல்லுக்குத்தான் கணக்கு இல்லை.

என் பங்குக்கு இரண்டு டகோட்டாக்கள், மொன்டானா, வயோமிங்.
மோட்டல் காப்பி, காரில் தூக்கம்,
கன்றுகாலிச் சந்தைக்கு நடுவே கல்லூரி மைதானங்கள்.
அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பனித்தூறலில்
டெரன் வோகல்சாங்கைப் பார்த்தேன்.
கதவகலம் தோள். கை நீளம் முப்பத்தைந்து அங்குலம்.
எதிரில் வந்தவனை
மேஜையை நகர்த்துவதுபோல நகர்த்தினான்,
கோபமே இல்லாமல்.

ஆனால் பந்து காற்றில் போகும் ஆட்டமென்றால்
அவன் இடது கால் ஆறு அங்குலம் பின்னால் போகும்.
தரையில் ஓடும் ஆட்டமென்றால்
இரண்டு காலும் ஒரே கோட்டில்.
நாற்பத்தோரு முறை எனக்குள் பந்தயம் கட்டினேன்,
நாற்பத்தோரு முறையும் ஜெயித்தேன்.
பொய் சொல்லத் தெரியாத கால்.

எழுதினேன்:
'இரண்டே வாரத்தில் எதிரணி படித்துவிடும். ஆறாம் சுற்று.'
எழுதியபோது
என் கண்ணை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏப்ரல். முதல் சுற்று. பதினோராவது இடம்.
"தேவையைப் பார்க்காதே, இருப்பதில் சிறந்தவனை எடு"
என்றார் மேலாளர் கீத்லி.
உரிமையாளரின் தொலைபேசியும் அதையே சொன்னது.
எடுத்தோம் ஒரு ரிசீவரை,
மான்குட்டி, எகிறி ஒற்றைக் கையால் பிடிப்பவன்.
ஒழுகுகிற வீட்டுக்குச் சரவிளக்கு.
அறையே கைதட்டியது.
நானும் தட்டினேன், சம்பளம் வாங்குகிறவன்தானே.

இரண்டாம் சுற்றில் ஒரு காப்பாளன்,
மூன்றாம் சுற்றை முன்பே விற்றிருந்தோம்,
நாலில் ஒரு பெரிய இதயம், சிவப்புப் புள்ளியோடு.
ஐந்தில், எங்களுக்கு ஒன்பது இடம் முன்னால்,
வோகல்சாங்கை வேறு யாரோ கூப்பிட்டார்கள்.
பயிற்சிக்கு வந்த பெண்
அவன் பட்டையைச் சுவரிலிருந்து பிய்த்தாள்.
டப்பாவில் விழுந்தது, 'டிக்' என்று.
"போகட்டும், உன்னுடைய ஆறு அங்குலம்தானே"
என்றார் கீத்லி, சாண்ட்விச்சைப் பிரித்தபடி.

நவம்பரில் அவர்கள் ஊருக்குப் போனோம்.
என் பழைய வரியை
உடைமாற்றும் அறையில் ஒட்டியிருந்தார்கள்,
கொட்டை எழுத்தில்.
நான் மேலே கண்ணாடிக்குப் பின்னால்,
தொலைநோக்கியில் ஒரே ஒரு காலை மட்டும் பார்த்தபடி.
முதல் பாதி முழுக்க அது அசையவே இல்லை.
பாஸ், ஓட்டம், எதுவானாலும் ஒரே கோடு.
யாரோ ஒரு பயிற்சியாளர், ஒரு மதிய நேரம், கொஞ்சம் சுண்ணாம்புக் கோடு:
அவ்வளவுதான் பிடித்திருக்கும்.

மூன்றாம் கால்பகுதி, எங்கள் எல்லைக்கு எட்டு கஜம்.
இடது கால் மெல்லப் பின்னால் போனது.
ஆறு அங்குலம்.
அளந்து வைத்ததுபோல.

என் எழுத்தைப் படித்திருந்த எங்கள் முனைவீரன்
பாஸ் என்று நம்பி, வெளிப்பக்கமாக, காற்றாய்ப் பாய்ந்தான்.
அவன் விட்டுப்போன வாசல் வழியே
பந்தோடு ஒருவன் நடந்தே போனான்,
ஓடக்கூட வேண்டியிருக்கவில்லை.

வோகல்சாங் திரும்பி மேலே பார்த்தான்.
என்னை அல்ல. ஸ்கோர் பலகையை.
அவனுக்கு என்னைத் தெரியாது.

அடுத்த முறை பந்து எங்களிடம்.
ஒல்ஷெஃப்ஸ்கி மல்லாந்து கிடந்தான்.
எழுந்தான். புல்லை எடுத்துப் போட்டான்.

செவ்வாய்க்கிழமை வயோமிங்கில் ஒரு பையன்.
வழக்கம்போலக் காலைத்தான் பார்ப்பேன்.
அப்புறம் அவனிடம் போய்,
"இப்படிச் செய்கிறாய், தெரியுமா?" என்று கேட்டுவிட்டு
ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்கவேண்டும்.
அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதிக்கொள்வேன்,
பென்சிலால்.