சம்பளத்துக்குத் தொண்ணூறு

நவம்பர் கடைசி. டுலூத்தில் ஏரிப்பக்கத்துச் சன்னலுக்கு
எத்தனை துணி செருகினாலும் காற்று நுழைகிறது.
நள்ளிரவுக்குள் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும் நான்:
வருகிற ஆண்டு எங்கள் வீட்டில்
எத்தனை டாலருக்கு நோய் வரும்.

கேள்வியை அவர்கள் இப்படிக் கேட்கவில்லை.
மருத்துவச் செலவுக் கணக்கு. வரிக்கு முந்திய பணம்.
இருபத்தாறு சம்பளத்திலும் இவ்வளவு என்று பிடித்தம்.
மிஞ்சினால் நிறுவனத்துக்கு.
என் பணம்தான் அது,
டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும்.

போன வருடம் தொள்ளாயிரம் போட்டேன்.
யாருக்கும் ஒன்றும் வரவில்லை.
நன்றி சொல்லிப் படுத்திருக்க வேண்டியவள்
டிசம்பர் முப்பதாம் தேதி, பனிப்புயலில்,
மருந்துக்கடைக்கு வண்டி ஓட்டிப் போய்
வெயில் களிம்பு ஆறு குப்பி வாங்கினேன்.
காய்ச்சல்மானி இரண்டு.
முழங்கால் பட்டை ஒன்று, யார் முழங்காலுக்கு என்று தெரியாமல்.
பில் போட்ட பையன் களிம்பைப் பார்த்தான்,
வாசலில் குவிந்த பனியைப் பார்த்தான்,
‘ஃப்ளோரிடாவா?’ என்றான்.
அப்படியும் நூற்றெண்பத்தேழு டாலர் போயிற்று.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்.
உடம்பை அளவுகோலாக எடுத்ததுதான் பிழை.

இந்த முறை மின்கட்டண உறையின் பின்பக்கம்
எழுதிப் பார்க்கிறேன்.
என் கடைவாய்ப் பல்லுக்கு மூடி, ஐந்நூற்று நாற்பது.
அதைத் தள்ளிப்போட முடியாது,
குளிர்ந்த தண்ணீர் பட்டால் நெற்றிப்பொட்டு வரை ஏறுகிறது.
லின்னேயாவின் கண்ணாடி, முந்நூற்றுப் பத்து.
பதினான்கு வயசு; ஆண்டுக்கொரு கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிடுவாள்.
ஆக எண்ணூற்று ஐம்பது.
சம்பளத்துக்கு முப்பத்திரண்டு சொச்சம்.
இத்தோடு நிறுத்தினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆர்விட் பாத்திரம் கழுவுகிறார்.
இருபத்திரண்டு வருடம்
தாதுத் துறைமேடையில் நின்ற மனிதர்.
குண்டுமணி குண்டுமணியாய் இரும்பு
கப்பலின் வயிற்றில் கொட்டுகிற சத்தத்தில்.
எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது,
நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள் என்பது அவர் கட்சி.
காதுக்கருவிக்கு எங்கள் காப்பீடு காலணா தராது.
இருப்பதில் மலிவான ஜோடி
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு.
அதையும் கூட்டினால் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
சம்பளத்துக்குத் தொண்ணூறு.
சில்லறையே இல்லாமல் கணக்கு வந்து நிற்பது
சகுனமா, சூழ்ச்சியா?

முழுத்தொகையையும் ஜனவரி முதல் தேதியே எடுக்கலாம்,
நான் பின்னால் மெல்ல மெல்லக் கட்டிக்கொள்வேன். இது நல்லது.
அவர் மாட்டேன் என்றால்
ஆயிரத்தைந்நூறு டாலருக்கு வெயில் களிம்பு.
நடுவில் மாற்றவும் முடியாது.
பிள்ளை பிறந்தால் மாற்றலாம்.
மணம் முறிந்தால் மாற்றலாம்.
மனிதர் பிடிவாதம் பிடித்தால்
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அவர் முதுகைப் பார்த்து, சாதாரணக் குரலில்,
‘தொண்ணூறு போடப் போகிறேன்’ என்றேன்.
குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
குழாயை மூடினார். மறுபடி சொன்னேன்.
கரண்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.
மறுப்பு ஏதும் வரவில்லை.
பொத்தானை அழுத்தினேன்.

ஈரக்கையோடு என் பின்னால் வந்து நின்றார்.
திரையில் எண். உறையில் என் கிறுக்கல்.
‘காது’ என்று எழுதியதை நான் மறைக்கவில்லை.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது, சன்னல் அதிர,
அதற்கு மட்டும் தலையைத் திருப்பினார்.
பிறகு, வெகுநேரம் கழித்து,
‘ஒரு காதுக்கு மட்டும் வாங்கினால்
பாதிதானே ஆகும்?’

பதில் சொல்ல வாயெடுத்தவள்
நிறுத்திக்கொண்டு
இரண்டு விரலைக் காட்டினேன்.