நாற்பது, எண்பது, நூற்றிருபது

பதினொரு உரப்பை நிறையக் கட்டைகள்.
கொள்ளுப்பிட்டியில் இடித்த கிளப் ஒன்றின்
ஆடுதளம் என்றார் நௌஸர் நானா,
பஞ்சிகாவத்தையில், எண்ணெய் மணக்கும் கொட்டிலில்.
அவர் சொன்ன கதையில் பாதியை நான் நம்பவில்லை.
கேட்ட விலையில் பாதியை அவர் குறைக்கவில்லை.
முதிரை என்பது மட்டும் மெய்:
நகத்தால் சுரண்டினால்
அழுக்குக்குக் கீழே தேன்மஞ்சள்.

லிஃப்டில் மரம் ஏற்றக்கூடாதென்று
மூன்று மொழியில் அறிவித்தல்,
மூன்றிலும் எழுத்துப்பிழை.
நானும் லோஜியும் படியால் ஏற்றினோம்.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி,
மாத்தறை ரயில் போகும்போதெல்லாம்
கிளாசுகள் ஒன்றோடொன்று பேசும் வீடு.

இரண்டு கிழமை சும்மா கிடந்தன.
வீட்டின் ஈரத்தைக் குடித்து மரம் பழக வேணுமாம்,
இல்லாவிட்டால் பதித்த பிறகு புடைக்குமாம்.
நாங்கள் அவற்றைத் தாண்டித் தாண்டிச் சமைத்தோம்.
தாண்டித் தாண்டிச் சண்டை பிடித்தோம்.

பிறகு தார்.
ஒவ்வொரு கட்டையின் முதுகிலும்
கறுத்து, இறுகி.
பகல் சூட்டில் இளகி உளியைப் பிடித்துக்கொள்ளும்.
லோஜிதான் சொன்னாள்: பிரிட்ஜில் வை.
மீன்குழம்பை ஓரம் தள்ளி
இருபது இருபதாய் அடுக்கினோம்.
விடியற்காலையில் முறுக்குப்போல் உடைந்து தெறித்தது தார்.
கணக்காளர் அவள், எண்ணிக்கையும் அவளிடமே:
மொத்தம் ஆயிரத்து நூற்றெட்டு,
பிளந்தவை அறுபத்து மூன்று,
சிகரெட் சுட்டவை ஒன்பது,
தாருக்குள் குத்தி நின்ற தலைப்பின் ஒன்று.
அதைத் துடைத்துத் தன் கொண்டையில் செருகிக்கொண்டு
"அப்ப ஆடினது உண்மைதான்" என்றாள்.

பதித்த கதையைச் சொல்லப்போனால்
இப்பவும் முழங்கால் நோகும்.

மெஷின் வாடகைக்கு வந்தது, நாளுக்கு ஆறாயிரம்.
கொண்டுவந்த வசந்தசிறி
தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் செலவழித்தான்:
"நிக்க வேணாம் மிஸ். நடங்க, நடங்க."

பலகை என்றால் ரேகை ஓடும் திசையில் போகலாம்.
இங்கே ஒரு கட்டை கடலைப் பார்க்கிறது,
பக்கத்துக் கட்டை காலி வீதியை.
எப்படித் தள்ளினாலும்
பாதிப்பேருக்கு எதிராகத்தான் தள்ள வேணும்.
ஆகவே மூலைவாட்டில் போனேன்,
இரண்டு பக்கத்துக்கும் சமமான அநியாயம்.

நாற்பதாம் நம்பர் மணற்கடதாசி உறுமியது.
பழைய மெழுகு பிசினாய் உருண்டது.
தூள் இமையில், தேயிலைப் போத்தலில்,
பக்கத்து வீட்டார் காயப்போட்ட சேலையில்.

கதவைத் தட்டியது கீழ்வீட்டு மிஸிஸ் செபரட்ணம்.
ஃபேன் ஆடுதாம், மாதா படம் சரிஞ்சு போச்சாம்.
திரும்பிப் பார்த்தேன்,
ஒரு மூச்சு நேரம்.
கால் நின்றது. மெஷின் நிற்கவில்லை.

பாதித் தேசிக்காயைக் கவிழ்த்து வைக்கலாம்,
அந்தளவு குழி.

போனில் வசந்தசிறி பெருமூச்சு விட்டான்.
குழியை எடுக்க வழி ஒன்றுதான்:
மீதி அறை முழுவதையும்
குழியின் ஆழத்துக்கு இறக்குவது.
லோஜி சுவரிலிருந்து சுவருக்குப் பார்த்தாள்.
"ஒரு இடத்துக்காக
ஆயிரத்து நாற்பத்தஞ்சையுமா?"
மிஸிஸ் செபரட்ணம் செருப்பைக் கழற்றி
தூளுக்குள் வெறுங்காலால் நடந்து பார்த்தாள்,
போனாள், வந்தாள்,
கொண்டுவந்த கோபத்தை எங்கோ வைத்துவிட்டு
சதுரஅடிக்கு என்ன முடிஞ்சது என்று கேட்டாள்.

எண்பது.
நூற்றிருபது.
தூளையே பசையில் குழைத்து இடுக்குகளை அடைத்தோம்.
சிகரெட் சூடு ஒன்பதும் போகவில்லை.
அலுமாரிக்குக் கீழே ஒளிய வேண்டியவை
நான் பதித்த தவறில் வாசலுக்கே வந்துவிட்டன,
வருகிறவர்கள் குனிந்து தொட்டுப் பார்க்கிறார்கள்.

வார்னிஷ் காய்ந்து இப்போது நாலு மாதம்.
பின்னேரம் வெயில் கடல் பக்கத்தால் நுழைந்து
தரை முழுக்க வழுக்கிப் போகிறது,
குழியில் மட்டும் கொஞ்சம் தங்குகிறது.
இரவில் தண்ணீர் குடிக்க எழும்பினால்
குதிக்கால் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும்.
லைட் போடுவதில்லை.
அங்கிருந்து குசினிக்கு நாலு எட்டு.