ஜன்னலுக்கு மேல் இரண்டு அங்குலம்

புதுவயல் அரிசி மில்லின் பழைய கணக்கு நோட்டு.
வரவு என்று அச்சடித்த பக்கத்தில்
அடுப்படி வருகிறது,
பற்றுப் பக்கத்தில் குளியலறை.
உமையாள் சிரிக்கவில்லை.
"அளவைச் சொல்லுங்க கணக்கரே" என்கிறாள்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு.

நாற்பத்தொன்பதில் அவளும்
ஐம்பத்திரண்டில் நானும்
பதிவாளர் முன் கையெழுத்துப் போட்டு
ஏழு மாதம் ஆகிறது.
கையில் இருப்பது
செம்மண் பூமி பதினோரு சென்ட்,
அதில் தானாக முளைத்த ஒரு வேம்பு,
ஏலத்தில் எடுத்த
நூற்று நாற்பது தைலமரக் கட்டைகள்.

செங்கல் வேண்டாம் என்றது அவள்தான்.
கட்டைமேல் கட்டை அடுக்கி
மரத்தாலேயே சுவர்.
ஏன் என்று ஒரே ஒரு முறை கேட்டேன்.
அவள் முதலில் வாழப்போன வீட்டில்
முட்டை வெள்ளைக்கரு தேய்த்து இழைத்த சுவராம்,
நின்றால் முகம் தெரியுமாம்.
பதினாறு வருஷம்
ஆணி அடிக்க விடவில்லையாம்.
ஒரு காலண்டர்கூட.

ஆகையால் எங்கள் வீட்டில்
அறைகளுக்கு முன்பே ஆணிகள் வந்துவிட்டன.
அடுப்படிக்கு ஒன்பது.
படுக்கிற அறைக்கு நான்கு.
நடுக்கூடத்துக்கு இருபத்திரண்டு என்று எழுதி
அடித்து
இருபத்தைந்து ஆக்கினாள்.
எதை மாட்டுவாள் என்று தெரியவில்லை,
அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஊராட்சி அலுவலகப் படிவத்தில்
சுவரின் வகை: செங்கல், கருங்கல், மண், இதர.
எங்கள் வீடு இதர.
வங்கி மேலாளர் மிகவும் மரியாதையாக
மரவீட்டுக்குக் கடன் இல்லை,
கட்டில் பீரோ வாங்குவதென்றால் பார்க்கலாம் என்றார்.
"கதவு வைத்த கட்டில் என்று போடுங்கள் சார்"
என்றாள் உமையாள்.
அவர் நிஜமாகவே கொஞ்சம் யோசித்தார்.

பக்கத்துக் கொல்லை சீமைச்சாமி
தினமும் சாயங்காலம் வந்து
கட்டைகளை எண்ணிவிட்டுப் போகிறார்.
"எங்க கம்மாயக் குடிச்ச மரம்யா இது"
என்று ஒன்றை எட்டி உதைத்தார் ஒருநாள்.
எனக்குப் பதில் வரவில்லை.
அவர் சொன்னது உண்மை.
அன்று ராத்திரி நோட்டில்
கூரைத் தண்ணீர் முழுவதும்
வேலியைத் தாண்டி
அவருடைய கொல்லைக் குழிக்குப் போகிற மாதிரி
ஒரு கோடு போட்டாள்.
கோடு நேராக இல்லை. போகட்டும்.

அப்புறம் மாரநாடு வந்தார்
இழைப்புளியோடு அல்ல, ஒரு டேப்போடு.
வெட்டிய முகங்களுக்கு மெழுகு தடவச் சொன்னார்,
இல்லையென்றால் வெயிலில் வாய் பிளக்கும்.
அடியில் கருங்கல் இரண்டு அடி,
செல் ஏறாமல் இருக்க.
எல்லாம் சொல்லிவிட்டு, டீயும் குடித்துவிட்டு,
கிளம்பும்போதுதான் அதைச் சொன்னார்.

"பச்சை மரம் சார். காயக் காய இறங்கும்.
எட்டடிச் சுவர் ரெண்டு வருஷத்துல
மூணு அங்குலம் குட்டையாகும்.
ஜன்னலுக்கு மேல ரெண்டு அங்குலம்
சும்மா விட்டு வைங்க.
விடலேன்னா
அந்தப் பாரம் கண்ணாடிமேல உட்காரும்."

இருபத்தெட்டு வருஷக் கணக்கில்
ஒரு பைசா சும்மா விட்டதில்லை நான்.
இந்த இரண்டு அங்குலத்தை
எந்தப் பக்கம் எழுதுவது?
நோட்டை அவள் பக்கம் தள்ளினேன்.
அவள் வரவிலும் எழுதவில்லை, பற்றிலும் எழுதவில்லை,
சிவப்புக் கோட்டுக்கு வெளியே
ஓரத்தில் எழுதினாள்.

"அதுவரைக்கும் அந்தச் சந்து?"
"கந்தல் துணி அடைக்கலாம். என் பழைய சேலை நிறைய இருக்கு."

வடக்கே மூட்டம் போட்டது.
தார்ப்பாயை நானும் மாரநாடும் இழுத்தோம்,
ஒரு முனை போதவில்லை,
மூன்று கட்டைகள் வெளியே நின்றன.
முதல் தூறலில்
தலைவலிக்குத் தேய்க்கிற வாசனை எழுந்தது
வீடு வரப்போகிற இடம் முழுக்க.
உமையாள் ஒரு கல்லை எடுத்து
வெளியே கிடந்த கட்டையில்
ஆணி ஒன்றை அடித்தாள்,
கைப்பையை மாட்டினாள்.
மாட்டிவிட்டு
இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தாள்.

பை நனைகிறதே என்றேன்.
"நனையட்டும்" என்றாள்.