இருபத்தெட்டு மில்லிமீட்டர்

குப்பியில் 'சதை' என்று எழுதியிருக்கிறது.
திறந்தால் ஈறு நிறம்.
எனக்குத் தெரியாதா?
லேடிஸ்மித், மர்ச்சிசன் தெருவில்
பகலெல்லாம் பல்செட்டுக்கு ஈறு வார்ப்பவள் நான்.

பிரிட்டிஷ் சிப்பாய்கள் நூற்றிருபது பேர்
அந்த நிறத்திலேயே முடிந்துவிட்டார்கள்.
போயர்களும் அப்படித்தான், தாடிக்கு மட்டும் கொஞ்சம் செம்பழுப்பு.
ஸ்ட்ரெச்சர் தூக்கிய நம் ஆட்களைத்தான்
எந்தக் கம்பெனியும் வார்க்கவில்லை.

கம்பி வளைத்தேன்.
பச்சைப் புட்டியை மெழுகுக் கத்தியால் இழைத்தேன்.
தொப்பியா முண்டாசா என்று மூன்று ராத்திரி குழம்பி
இரண்டு பேருக்கு அது, இரண்டு பேருக்கு இது.
ஸ்ட்ரெச்சர் துணிக்கு லேபிலிருந்து காஸ் துண்டு.
காலடியில் உலர்த்திய ரூய்போஸ் சக்கை;
இந்த ஊர் மண்ணுக்கு அதைவிடப் பொருந்தும் நிறம்
எந்தக் கடையிலும் இல்லை.
சதையோடு காப்பிப் பழுப்பு, பிறகு ஒரு சொட்டு மஞ்சள்.
இடது கட்டைவிரல் நகத்தில் தொட்டு வைத்தேன்.
நகத்தைச் சுற்றியிருந்த தோல்
சரி என்றது.

கேட்பீர்கள். இல்லை,
என் வீட்டில் யாரும் அந்தக் குன்றில் ஏறவில்லை.
அந்த ஜனவரியில் எங்கள் ஆட்கள்
உம்சிந்தோ பக்கம் கரும்புக்குக் களையெடுத்தார்கள்.
போர் நடப்பது அவர்களுக்குத் தெரியுமா
என்பதே எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை. டியானின் கராஜ்.
பிங்பாங் மேசைமேல் ஸ்பியோன்கோப்,
ஃப்ரிட்ஜோடு வந்த தெர்மோகோலில் அறுத்தது.
நிஜக் குன்று அரைமணி கார் தூரத்தில்
சும்மா நிற்கிறது.
டியான் ஃபெர்மாக் பரம்பரைப் போயர்,
ஆடுவது பிரிட்டிஷ் பக்கம்.
காக்கி பெயின்ட் நிறைய மிச்சம் என்பான்.
நான் போயர்.
பெக்கி ந்லோவு நடுவர்:
டேப்பும் அவனிடம், தீர்ப்பும் அவனிடம்.

டியான் ஸ்ட்ரெச்சரை நாலு அங்குலம் மேலே ஏற்றினான்.
ரூல் புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.
பீட்சா டப்பா மூடியில் மூவருமாக எழுதினோம்:
ஆயுதமில்லாதவரைக் குறிவைக்கக் கூடாது.
ஆனால் அவர்கள் பக்கமாகச் சுடும்போது
பகடையில் ஒன்று விழுந்தால்
குண்டுக்குக் கண் இல்லை.
கடைசி வரி நான் சொன்னது.

ஒன்பது மவுசர். ஒன்பது பகடை.
உருட்டிய கை விரிந்தபோது கரண்ட் போனது,
அட்டவணைக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே.
இருட்டில் அவை உருண்டு
ஒவ்வொன்றாய் நிற்கிற சத்தம்.
பெக்கி போனைத் தேடுவதற்குள் டியான் சொன்னான்:
"கோகி, மறுபடி உருட்டு. யாரும் பார்க்கவில்லை."

வெளிச்சம் விழுந்தது.
ஐந்து, இரண்டு, ஆறு, நான்கு,
நான்கு, இரண்டு, மூன்று, ஐந்து.
எட்டுதான்.
ஒன்பதாவது, குன்றின் மடிப்பில், ஸ்ட்ரெச்சரை ஒட்டி,
ஒற்றைப் புள்ளியோடு
மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"விழுந்தது விழுந்ததுதான்," என்றேன்.
நாலு பேரையும் ஒரே தட்டில் ஒட்டியிருந்தேன்,
ஒருவனை மட்டும் எடுக்க வழியில்லை.
பின்னால் இடப்பக்கம் இருந்தவன் காலடியில்
பெக்கி ஒரு சிவப்புப் பாசியை வைத்தான்.
முண்டாசுக்காரன்.
மூக்கு திருத்தமாக வந்திருந்தது அவனுக்குத்தான்.

மூன்று பேர் தூக்கினால் எத்தனை அங்குலம்?
அதற்கும் ரூல் இல்லை, மூடியில் இடமும் இல்லை.
இரண்டு என்றான் பெக்கி.
"ஒன்றரை. கனம் இருக்குமே," என்றான் டியான்,
தன் ஆட்களுக்குத் தானே குறைத்துக் கேட்டு.

பத்தேகாலுக்குக் குன்று என்னுடையது.
கைகுலுக்கினோம். மீதமிருந்த மூன்று கோக்சிஸ்டரில்
இரண்டை நான் தின்றேன்.
முன்சீட்டில் பெட்டிக்கு பெல்ட் போட்டேன்.
ரோபோ அணைந்த நாற்சந்தியில்
ஒவ்வொரு காராக வழிவிட்டுக் கடந்தோம்.
பாசி எங்கோ சீட்டுக்கடியில் உருண்டது.

இப்போது மேசையில் மெழுகுவர்த்தி,
ஐந்தாவது ஆளுக்குக் கம்பி.
பாரம் தூக்கும்போது முழங்கை எப்படி நிற்கும்?
மண் நிரம்பிய பூந்தொட்டியை
ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறேன்.
புட்டி இறுக ஒரு ராத்திரி ஆகும்.
காலையில் முதல் வேலை
மிசஸ் ஸ்வானபூலின் கீழ்ப் பல்செட்.